சோழிகள் செய்த கணிப்பு

இன்றைய கணனி மறந்த சிக்கனத்தைப் பழைய கருவிகளிடம் தேடுவோர் மேல்நாட்டு இயந்திரங்களோடு நின்றுவிடுகின்றனர். அவற்றினும் பழைய கணிப்பு முறையொன்று தமிழர் கையிலேயே இருந்தது. 1825இல் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் ஏடும் எழுத்தாணியுமின்றி, தரையிற் சோழிகளைப் பரப்பிச் சந்திரகிரகணமொன்றைக் கணித்துக் காட்டினார். ஜோன் வாரன் ‘காலசங்கலித’ நூலில் அதனைப் பதிந்துள்ளார்.

கழிந்த நாட்டொகையிலிருந்து 12372, 3031, 248 ஆகியவற்றை இம்முறையே இயன்றமட்டும் கழிப்பர். சந்திரனின் வேகம் கூடிக் குறைந்து மீளும் சுற்றுக்கள் ஏறத்தாழ முழுமையாக நிறைவுறும் நாட்கள் அவை. 248 நாளில் 9 சுற்று. எஞ்சும் எண் மனனஞ்செய்த 248 வாக்கியங்களுள் ஒன்றைச் சுட்டும். அதன் எழுத்துக்களே இலக்கங்கள். கழித்த சுற்றுக்களுக்குரிய துருவங்களையும் கூட்டினால் சந்திரனின் நிலை கிடைக்கும். நூற்றாண்டுகளின் கணக்கு 248 சொற்றொடர்களில் அடங்கிவிடுகிறது!

கணித்த நேரம் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகிற்று. கருவி வெறுஞ் சோழி என எண்ணின் இது வியப்பே. ஆயினும் அக்கணிதர் வானியற் கோட்பாடெதனையும் அறியார் என்று வாரன் கூறுவதே என்னை உறுத்துகிறது. நிரல் ஓடியது, அதன் காரணம் மறைந்தது. அந்த 52 நிமிடத்தை அவர் எவ்வாறு திருத்துவார்?

2000ஆம் ஆண்டை நெருங்கியபோது உலகம் அஞ்சியதும் இத்தகைய நிலைக்கே. நினைவகத்தைச் சேமிக்க ஆண்டினை ஈரிலக்கத்தில் எழுதிய நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. எழுதியோர் பலர் ஓய்வுபெற்றிருந்தனர்.

யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் இன்றும் வழக்கிலுள்ளன. சில ஆண்டுகளில் ஒரே விழாவுக்கு அவை வெவ்வேறு நாள் குறிக்கின்றன. எந்த எண்ணில் அவை பிரிகின்றன என்று கேட்போர் மிகச் சிலரே.