செவ்விலைக்கு நாள் குறித்த கதை

கியோட்டோவின் மேப்பிள் இலைகள் சிவப்பதைக் காணப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தத் தேதியில் போவது என்பதைத்தான். விமானச் சீட்டு, விடுதி அறை, அலுவலக விடுப்பு எல்லாமே அந்த ஒரு விடைக்காகக் காத்திருக்கின்றன. 794-இல் தலைநகராகி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்த நிலையில் இருந்த இந்நகரத்தின் வழக்கத்தைப் புரட்டிப் பார்த்தால், கேள்வியே புதிது என்று தெரிகிறது. இலை பார்க்கும் பழக்கம் மிகப் பழையது. அதற்கு ஒரே ஒரு உச்ச நாள் உண்டு என்ற நம்பிக்கையின் வயதோ நூற்றைம்பதைச் சற்றுத்தான் தாண்டும். நாட்காட்டியும் ரயிலும் வானிலை அலுவலகமும் சேர்ந்து வளர்த்த நம்பிக்கை அது. இன்றைக்கு அதை நம்பிப் போகிறவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள்.

இந்த வழக்கத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் ‘மொமிஜிகாரி’. செவ்விலை வேட்டை என்று பொருள். வேட்டைக்குப் போகிறவன் விலங்கு இருக்கும் இடத்தைத் தேடிப் போவான். அது தன்னிடம் வரும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டான். கானோ ஹிதேயோரி 16-ஆம் நூற்றாண்டில் தீட்டிய மேப்பிள் காண்போர் திரை, இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் தேசியச் செல்வமாக இருக்கிறது. நகருக்கு வடமேற்கே, கியோதாகி ஆற்றங்கரையில் உள்ள தாகாவோ மலைப்பகுதிதான் அதன் களம். ஒருபுறம் பெண்கள் வட்டமாக அமர்ந்திருக்கிறார்கள். குழந்தையும் உடன் இருக்கிறது. இன்னொருபுறம் ஆண்கள் குடித்து ஆடுகிறார்கள். தொலைவில் அதாகோ கோயிலைப் பனி மூடியிருக்கிறது. கீழே இலை சிவந்திருக்க, மேலே குளிர்காலமே வந்துவிட்டது. உயரத்துக்கு உயரம் பருவம் மாறும் என்பதை ஓவியர் ஒரே திரையில் காட்டிவிட்டார். 1780-இல் அகிசாதோ ரிதோ வெளியிட்ட புகழ்பெற்ற கியோட்டோ வழிகாட்டியும் நகரத்தைத் திசைவாரியாகவே பிரித்து அடுக்கியது. எங்கே என்பதே அன்றைய பயணியின் முதல் கேள்வி.

அரண்மனையார் நாள் குறித்துத்தானே இலை பார்க்கப் போனார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட கெஞ்சி கதையின் 7-ஆம் அத்தியாயம் செவ்விலை விழாவின் பெயரையே தாங்கியது. பேரரசரின் அந்தப் பயணம் 10-ஆம் மாதம் 10-ஆம் நாளுக்குப் பிறகு நடப்பதாக அதில் வருகிறது. ஆனால் அந்த 10-ஆம் மாதம் அமாவாசையில் தொடங்கும் சந்திர மாதம். சூரியக் கணக்கில் அதே நாள் ஓர் ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் விழும், வேறோர் ஆண்டு நவம்பர் முடிவில் விழும். விழாவுக்கு நாள் இருந்தது. இலைக்கு அந்த நாள் கட்டுப்பட்டதாக யாரும் எண்ணியிருக்க முடியாது. 1873 ஜனவரி 1-ஆம் தேதி ஜப்பான் மேலைநாட்டு நாட்காட்டிக்கு மாறியது. அதன் பிறகுதான் தேதியும் வெயிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நவம்பர் பாதி என்றால் ஆண்டுதோறும் ஒரே பருவம் என்று சொல்லிவிட முடிந்தது.

அந்தத் தேதிக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்தது ரயில். 1877-இல் கோபேயிலிருந்து கியோட்டோவரை பாதை திறந்தது. 1910-இல் நகரின் மேற்கே உள்ள அராஷியாமாவுக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஒரு நாளில் போய்த் திரும்ப முடியும் என்றானதும், அந்த ஒரு நாள் எது என்ற கேள்வி பிறந்தது. 1993 முதல் ஜே.ஆர். டோக்காய் ரயில் நிறுவனம் ஒட்டிய கியோட்டோ சுவரொட்டிகள் ஒரு கோயில் முற்றத்தின் ஒரு கணத்தைப் பெரிதாக்கி, அதுவே பருவம் என்று கண்ணுக்குப் பழக்கின. இதற்கிடையே 1953-இலிருந்து ஜப்பான் வானிலை முகமை மேப்பிள் சிவக்கும் நாளை முறையாகப் பதிவு செய்துவந்தது. அதன் முறை எளியது: குறிப்பிட்ட ஒரு மாதிரி மரம், அதன் பெரும்பாலான இலைகள் நிறம் மாறிப் பச்சை கண்ணில் படாமல் போகும் நாள். அறிவியலுக்கு இது அருமையான அளவுகோல். நகரம் முழுவதற்கும் அது முகூர்த்தம் ஆகாது. மலையடிவாரக் கோயிலும் ஆற்றங்கரைத் தோப்பும் அந்த மாதிரி மரத்தைக் கேட்டுக்கொண்டா நிறம் மாறும்?

விடுப்பு கிடைப்பதே நான்கு நாள். அப்படிப்பட்டவருக்கு முன்னறிவிப்பு வேண்டாமா என்பது நியாயமான மறுப்பு. வேண்டும். ஆனால் அந்தப் பதிவேடே சொல்லும் செய்தியை முழுதாகக் கேட்க வேண்டும். இலை சிவக்கும் நாள், நாடு முழுவதற்குமான சராசரியில், பத்தாண்டுக்குச் சுமார் 3 நாள் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. 1953-இலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய மூன்று வாரம். இரவுக் குளிர் சுமார் 8 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் பச்சையம் சிதைந்து, இலையில் தங்கிய சர்க்கரையிலிருந்து செந்நிறம் ஊறும் என்பார்கள். அந்தக் குளிர் இப்போது தாமதமாக வருகிறது. இது நகரங்களின் கட்டட வெப்பம், பருவநிலை மாற்றம் என்று சொல்ல முடியாது என்றும் சிலர் வாதிடலாம். இரண்டுக்கும் பங்குண்டு. காரணம் எதுவானாலும், தாத்தா காலத்து நவம்பர் பாதியைப் பேரன் நம்ப முடியாது. 2021-இல் வானிலை முகமை உயிரினப் பருவக் கண்காணிப்பைப் பெரிதும் குறைத்து, விலங்குகளை முற்றிலும் விட்டு, செடி மரங்களில் 6 வகையை மட்டும் வைத்துக்கொண்டது. அந்த ஆறில் மேப்பிளை விட்டுவிடாமல் வைத்தது நல்ல முடிவு. நகரும் தேதியை அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

ஒரே தேதி என்ற நம்பிக்கை வாங்கும் விலையைத் தோஃபுகுஜி கோயிலில் பார்க்கலாம். 1380-இல் பள்ளத்தின் மேல் கட்டப்பட்ட அதன் சூதென்கியோ பாலம் 1959 சூறாவளியில் விழுந்து 1961-இல் மீண்டும் எழுந்தது. சூறாவளியில் விழுந்தும் மீண்டெழுந்த அந்தப் பாலத்தில், 2016 இலைப் பருவத்தில், கூட்ட நெரிசலுக்கு அஞ்சிப் படம் எடுப்பதையே தடை செய்ய வேண்டியதாயிற்று. போகிறவர்கள் தேதியைத் தேடுவதை விட்டு உயரத்தைப் பார்த்துப் போகட்டும். நவம்பர் முற்பாதியில் நாள் அமைந்தால் தாகாவோ. மாதக் கடைசி என்றால் நகரத்துக் கோயில்கள். டிசம்பர் பிறந்துவிட்டாலும் கைவிட வேண்டாம், ஷிமோகாமோ கோயிலைச் சூழ்ந்த ததசு காட்டில் இலை அப்போதுதான் சிவக்கிறது.