கொரியச் சோற்றுக்கடையின் வரலாறு

தென்கொரியாவில் நாலைந்து மேசைகள் மட்டுமே கொண்ட சோற்றுக்கடைகளில், வந்து உட்கார்ந்தவருக்குக் கேட்காமலே வெஞ்சனங்கள் வந்துவிடும். கிம்ச்சி என்ற புளித்த காய்கறி ஊறுகாய், நல்லெண்ணெயில் புரட்டிய கீரை, முளைப்பயறு, நெத்திலிக் கருவாட்டு வறுவல் எனச் சிறு தட்டுகளில் வைக்கப்படும் இவற்றுக்கு விலை கிடையாது. தீர்ந்தால் மறுபடி கேட்கலாம். பின்னாலேயே மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் சோறும், கொதிக்கக் கொதிக்கச் சூப்பும் வரும். விலைப்பட்டியலில் பெரும்பாலும் ஐந்தாறு பெயர்களே இருக்கும். கடையை நடத்துபவர் அநேகமாக ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. பார்ப்பதற்கு எல்லாம் தொன்றுதொட்டு வந்த முறைபோலத் தோன்றினாலும், அந்த மேசையில் இருப்பவற்றில் பல சென்ற நூற்றாண்டில் வந்து சேர்ந்தவை. அரிசித் தட்டுப்பாடு, போர், அரசாணை ஆகியவை அடுத்தடுத்து வந்தபோது கடைக்காரர்கள் சமாளித்த விதம்தான் இன்று மரபு என்று பெயர் பெற்றிருக்கிறது.

காசு கொடுத்து வெளியே சாப்பிடும் வழக்கம் கொரியாவில் மெதுவாகத்தான் வேர்விட்டது. ஜோசன் மன்னர் ஆட்சியில் நெடுங்காலம் அரிசியும் துணியுமே பணமாகப் புழங்கின. வழிநடை போகிறவர்கள் தங்கள் உணவைத் தாங்களே சுமந்தார்கள். 1678 முதல் சாங்பியொங் தொங்போ என்ற சதுரத் துளையிட்ட காசு நிலையாகப் புழக்கத்துக்கு வந்தது. அதன் பிறகே படகுத்துறைகளிலும் மலைக்கணவாய்களிலும் ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடும் சந்தைகளிலும் ‘ஜுமாக்’ எனப்படும் கள்ளுக்கடைகள் பெருகின. ‘ஜுமோ’ என்று அழைக்கப்பட்ட பெண்தான் அங்கே எல்லாம். அரிசிக்கள் வடிப்பதும், அண்டாவில் சூப் காய்ச்சுவதும், கடன் கணக்கு வைப்பதும் அவள் பொறுப்பு. தங்குவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. சாப்பாட்டுக்கும் குடிக்கும் காசு கொடுத்தவர்கள், அடியில் சூடேற்றிய தரை கொண்ட ஒரே அறையில் முன்பின் தெரியாதவர்களோடு நெருக்கியடித்துப் படுத்துக்கொள்ளலாம். பாய், போர்வை எதுவும் கிடைக்காது.

யெச்சொன் மாவட்டத்தில் மூன்று ஆறுகள் கூடும் துறையில் 1900 வாக்கில் கட்டப்பட்ட சம்காங் ஜுமாக் இன்றும் நிற்கிறது. அதை நடத்திவந்த கடைசிப் பெண்மணி 2005-இல் காலமானார். அவருக்கு எழுதத் தெரியாது. அடுக்களை மண்சுவரில் கோடு கீறி, யார் எவ்வளவு பாக்கி என்று குறித்துவைத்தார். பாக்கி தீர்ந்ததும் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். பெயரே இல்லாத அந்தக் கணக்கு சுவரில் இன்னும் அழியாமல் இருக்கிறது.

ஜுமாக்கிலும் சந்தையிலும் கிடைத்த முக்கியச் சாப்பாடு ‘குக்பாப்’. சூப்பிலேயே சோற்றைப் போட்டுத் தருவதுதான் அது. சோற்றைச் சூடாகவே வைத்திருக்க அன்று வழியில்லை. காலையில் ஒருமுறை வடித்தது ஆறிப்போய்விடும். ஆறிய சோற்றைக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் சூப்பை ஊற்றி, சோற்றைக் கரண்டியால் தடுத்தபடி சூப்பை மட்டும் அண்டாவிலேயே வடித்து, மறுபடி ஊற்றி வடிப்பார்கள். சில தடவை இப்படிச் செய்தால் பருக்கை குழையாமல் உள்வரை சூடேறும். கிண்ணமும் உடனே வாயில் வைக்கும் பதத்துக்கு வந்துவிடும். ‘தொரியொம்’ எனப்படும் இந்த வேலைக்குக் கைப்பழக்கம் வேண்டும். மின்சாரச் சூட்டுப்பெட்டி வந்ததும் பெரும்பாலான கடைகள் சோற்றைத் தனியாக வைக்கத் தொடங்கின. பழைய முறையை விடாத கடைகள் இப்போது அதையே பெருமையாகச் சொல்லி ஆள் சேர்க்கின்றன.

தலைநகர் சியோலில் சோற்றுக்கடைகள் முளைத்த இடம் சந்துகள். ஜொங்னோ பெருவீதியில் அதிகாரிகள் குதிரையேறி வரும்போதெல்லாம் சாமானியர்கள் குனிந்து நிற்க வேண்டும். அந்தத் தொல்லைக்கு அஞ்சி அவர்கள் வீதிக்கு இணையாகப் பின்னால் ஓடிய பிமாத்கொல் சந்தில் நடந்தார்கள். மலிவான கடைகளும் அங்கேயே கூடின. ஜொங்னோ வட்டாரத்தில் 1904 வாக்கில் தொடங்கிய இமுன் சொல்லொங்தாங், நகரின் மிகப் பழைய உணவகம் எனக் கருதப்படுகிறது. மாட்டின் எலும்பையும் தலைக்கறியையும் பால்போல் வெளுக்கும்வரை மணிக்கணக்கில் காய்ச்சுவதே சொல்லொங்தாங். உப்பும் வெங்காயத்தாளும் அவரவர் விருப்பப்படி போட்டுக்கொள்வது. கசாப்புத் தொழில் செய்தவர்கள் கொரியாவில் தாழ்த்தி வைக்கப்பட்ட சமூகம். 1894 சீர்திருத்தத்தில் சட்டம் மாறியது, மனம் மாறவில்லை. எனவே அத்தகைய கடையில் போய் உட்காரக் கூச்சப்பட்ட மேல்தட்டினர் சூப்பை வீட்டுக்கு வரவழைத்துக் குடித்தார்கள். ஏழைகளுக்கோ அது எட்டக்கூடிய மாட்டுக்கறி உணவு. 1924-இல் ஹியொன் ஜின்-கொன் எழுதிய புகழ்பெற்ற சிறுகதையில், ஒரு ரிக்‌ஷாக்காரர் நோயாளி மனைவிக்காக வாங்கிவருவதும் இந்தச் சூப்தான்.

வசதி படைத்தவர்கள் போன இடம் வேறு: அரண்மனைச் சமையலும் பாட்டும் ஆட்டமும் கொண்ட பெரிய விருந்து மாளிகைகள். அவற்றில் ஒன்றான தெஹ்வாக்வானில்தான் 1919 மார்ச் 1 அன்று ஜப்பானிய ஆட்சிக்கு எதிரான விடுதலைப் பிரகடனம் வெளியிடப்பட்டது.

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் நூடுல்ஸ் கடைகள் பரவின. வடக்கே பியொங்யாங்கில் ‘நேங்மியொன்’ என்ற குளிர்ந்த பக்வீட் நூடுல்ஸ் குளிர்கால உணவாக இருந்தது. ஐஸ் தொழிற்சாலைகள் வந்ததும் அது கோடை உணவாயிற்று. ஒரு கையால் சைக்கிளை ஓட்டிக்கொண்டு, மறு தோளில் கிண்ணங்கள் அடுக்கிய பலகையைத் தாங்கிப்போகும் பையன்கள் 1930களில் நகரத் தெருக்களின் வழக்கமான காட்சி. ஜப்பானிலிருந்து வந்த அஜினோமோட்டோ, நூடுல்ஸ் கடைகளைக் குறிவைத்துத் தீவிரமாக விளம்பரம் செய்ததும் இக்காலத்தில்தான்.

1950-இல் தொடங்கிய கொரியப் போர் எல்லாவற்றையும் இடம் மாற்றியது. போருக்கு முன்பே, 1946-இல், வடக்கிலிருந்து வந்தவர்கள் சியோலில் ஊரேஒக் என்ற நேங்மியொன் கடையைத் தொடங்கியிருந்தார்கள். போர் வந்ததும் அகதிகள் பெருவெள்ளமாகத் தெற்கே இறங்கினார்கள். தற்காலிகத் தலைநகரான பூசானில் பக்வீட் கிடைப்பது அரிது. அமெரிக்க உதவியாக வந்த மைதா மாவு மட்டும் தாராளமாக இருந்தது. அதைக்கொண்டு பிசைந்த ‘மில்மியொன்’ அந்த ஊரின் உணவாகிவிட்டது. சியோலுக்கு வடக்கே அமெரிக்கப் படைமுகாம்கள் இருந்த உய்ஜொங்புவில் வேறு கதை நடந்தது. முகாமிலிருந்து கள்ளத்தனமாக வெளியே வந்த டின் இறைச்சியும் சாசேஜும் கிம்ச்சியோடும் மிளகாய் விழுதோடும் ஒரே சட்டியில் கொதித்து ‘பூதே ஜிகே’ ஆயின. சட்டப்படி குற்றமான சரக்கில் பிறந்த அந்தக் குழம்புக்கு இன்று அவ்வூரில் தனித் தெருவே உண்டு.

போருக்குப் பின் சாப்பாட்டு மேசைக்குள்ளேயே அரசு புகுந்தது. அரிசி விளைச்சல் போதவில்லை. ஆகவே பார்லி கலந்த சோறும் மாவுப் பண்டமும் சாப்பிடச் சொல்லி 1960களில் ஓர் இயக்கமே நடந்தது. பள்ளிகளில் ஆசிரியர்கள் பிள்ளைகளின் டிபன் பெட்டியைத் திறந்து பார்லி இருக்கிறதா என்று பார்த்தார்கள். அதே காலத்தில் அரிசியில் கள் வடிக்கவும் தடை வந்தது. 1969 முதல் புதன், சனிக்கிழமைகளில் காலை 11 மணியிலிருந்து மாலை 5 மணிவரை உணவகங்கள் அரிசிச் சோறு விற்கக் கூடாது என்றாயிற்று. மதியச் சாப்பாட்டை நம்பிய சோற்றுக்கடைக்கு இதைவிடப் பெரிய இடி இல்லை. சொல்லொங்தாங்கில் ஒரு பிடி கோதுமை நூடுல்ஸ் மிதப்பது அந்த ஆணைகளின் எச்சம். 1963-இல் சம்யாங் நிறுவனம் அறிமுகப்படுத்திய உடனடி நூடுல்ஸை நம்பிப் புதுவகைச் சிற்றுண்டிக் கடைகளும் தோன்றின.

அரசாணைகளில் மிகவும் விசித்திரமானது கிண்ண ஆணை. பழைய கொரியர்கள் சோறு சாப்பிட்ட அளவு வெளிநாட்டுப் பயணிகளை மலைக்க வைத்தது. கிண்ணத்தின் விளிம்புக்கு மேல் குவித்து வைப்பதுதான் விருந்தோம்பல். 1976-இல் சியோல் நகர நிர்வாகம், உணவகங்களில் 10.5 செ.மீ. விட்டமும் 6 செ.மீ. உயரமும் கொண்ட எவர்சில்வர் கிண்ணத்தில், அதுவும் ஐந்தில் நான்கு பங்கு மட்டுமே சோறு வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பிறகு இது நாடு முழுவதும் பரவியது. அதிக விளைச்சல் தரும் தொங்கில் நெல்லால் 1977-இல் நாடு அரிசியில் தன்னிறைவு அடைந்தது. கள் தடையும் சோறில்லா நாள்களும் போயின. கிண்ணம் மட்டும் போகவில்லை. உடையாது, அடுக்கலாம், மூடியோடு சூட்டுப்பெட்டியில் வைக்கலாம், அளவும் மாறாது என்று கடைக்காரர்களுக்கே அது வசதியாகிவிட்டது. பற்றாக்குறைக் காலத்தின் படியளவை உலகமே இன்று கொரிய அழகியலாகப் பார்க்கிறது.

வெஞ்சனத்திடம் மட்டும் அரசு தோற்றது. இலவசத் தட்டுகளில் நிறைய குப்பைக்குப் போவதைக் கண்டு, கேட்டதை மட்டும் வைத்து அதற்கு விலை வாங்கும் முறையை 1980களில் அதிகாரிகள் புகுத்திப் பார்த்தார்கள். வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். பக்கத்துக் கடை இலவசமாகத் தரும்போது எவர் காசு கேட்பார்? முயற்சி ஓசையில்லாமல் கைவிடப்பட்டது. ஆனால் இலவசத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் இருந்தது. மிச்சத் தட்டுகளை அடுத்த மேசைக்கு அனுப்பும் பழக்கம் தொலைக்காட்சியில் அம்பலமானதைத் தொடர்ந்து, 2009-இல் அது சட்டப்படி தண்டனைக்குரியதாயிற்று.

1970களுக்குப் பின் டாக்சி ஓட்டுநர்களுக்கென்றே, வண்டி நிறுத்த இடமும் விரைவுச் சாப்பாடுமாக ‘கிசா சிக்தாங்’ கடைகள் வந்தன. தனியாக வருபவருக்கும் முகம் கோணாமல் ஒரு தட்டுச் சாப்பாடு தருவது இவற்றின் சிறப்பு. 1997 நிதி நெருக்கடியில் வேலையிழந்தவர்கள் கிடைத்த பணத்தைப் போட்டுக் கடை திறந்தார்கள். போட்டி கூடியது; பல கடைகள் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன.

இடமும் கையைவிட்டுப் போயிற்று. பிமாத்கொல் சந்தின் பெரும்பகுதி 2000களின் இறுதியில் அலுவலகக் கட்டடங்களுக்காக இடிக்கப்பட்டது. 1937 முதல் அங்கே அதிகாலைச் சூப் விற்றுவந்த சொங்ஜின்ஒக் 2008-இல் வேறிடம் மாற வேண்டியதாயிற்று. 2018-இல் அரசு, 30 ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்த சிறுகடைகளைத் தேர்ந்து ‘நூற்றாண்டுக் கடை’ என்ற பலகை தரும் திட்டத்தைத் தொடங்கியது. பலகை பெருமை தரும், வாடகையைக் குறைக்காது.

செலவின் நெருக்கடி இலவசத் தட்டில்தான் முதலில் தெரிகிறது. 2010 இலையுதிர்காலத்தில் விளைச்சல் கெட்டு கிம்ச்சிக்கான நாப்பா முட்டைக்கோஸ் ஒன்று 10,000 வோனைத் தாண்டியபோது, பல கடைகள் கிம்ச்சியைக் குறைத்தன அல்லது முள்ளங்கிக்கு மாறின. சாதாரணக் கடைகளில் வைக்கப்படும் கிம்ச்சியில் பெரும்பங்கு இப்போது சீனாவில் தயாராகிறது. அரிசி, கிம்ச்சி, இறைச்சி ஒவ்வொன்றும் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை எழுதி மாட்ட வேண்டும் என்பது சட்டம். அந்தப் பட்டியல் பெரும்பாலும் விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது.