திஸ் ஒன்ஸ் ஃபார் ஹிம்: கை கிளார்க்குக்கு ஓர் இசைக் காணிக்கை

அமெரிக்க கன்ட்ரி இசையின் மதிப்புமிக்க பாடலாசிரியர் கை கிளார்க்கின் 70ஆவது பிறந்தநாளையொட்டி, 2011 நவம்பரில் வெளிவந்த இரட்டை ஆல்பம். தமாரா சவியானோ, ஷான் கேம்ப் ஆகியோர் தயாரிப்பில் உருவான இதில் 30 பாடல்கள் உள்ளன.

டெக்சஸ் மாநிலத்தின் மோனஹன்ஸில் 1941இல் பிறந்த கிளார்க், நாஷ்வில்லில் பாட்டெழுதியபடியே தம் பட்டறையில் கிதார்களையும் செய்தவர். இரண்டிலும் ஒரே நுணுக்கம். அவர் பாடல்களில் ஒரு வார்த்தைகூட மிகையாக இராது. பாட்டியின் நண்பரான முதிய எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளியை நினைத்து அவர் எழுதிய 'டெஸ்பராடோஸ் வெயிட்டிங் ஃபார் எ டிரெயின்' பாடலை இந்த ஆல்பத்தில் வில்லி நெல்சன் பாடுகிறார். தம் தந்தையின் மறைவை அவரது கத்தியை முன்வைத்துச் சொல்லும் 'தி ரேண்டல் நைஃப்' வின்ஸ் கில்லின் குரலில் ஒலிக்கிறது. எமிலூ ஹாரிஸும் ஜான் பிரைனும் இணைந்து பாடிய 'மக்னோலியா விண்ட்' தொகுப்பின் மிகக் கனிவான தருணம்.

ரோட்னி க்ரோவெல், ஸ்டீவ் ஏர்ல், லைல் லவெட் போன்ற நெடுநாள் தோழர்களும் பாடியிருப்பதால், இது வெறும் நட்சத்திரத் திரட்டாக இல்லை. பாடுபவர்களுக்குப் பாட்டின் பின்கதை தெரிந்திருக்கிறது.

2012இல் அமெரிக்கானா இசைச் சங்கம் இதை ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. கிளார்க் 2016 மே 17 அன்று காலமானார்.