நவுருவின் கொடியும் இரும்புத் தட்டுகளும்

பசிபிக் கடலில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே கிடக்கும் ஒற்றைத் தீவு நவுரு. பரப்பு 21 சதுர கிலோமீட்டர். காரில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் நாட்டையே சுற்றிவிடலாம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை இங்கிருந்து சுமார் 1,200 பேரை டிரக் தீவுகளுக்கு நாடு கடத்தியது. 1946 ஜனவரி 31 அன்று உயிரோடு திரும்பியவர்கள் 737 பேர். அதே ஜனவரி 31-ஐத்தான் 1968-ல் தங்கள் விடுதலை நாளாக நவுரு மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு தலைமுறைக்கு முன் அழிவின் விளிம்பில் நின்ற இனம், உலக மேடையில் தன் பெயர் ஒலிக்க வேண்டும் என்று ஏங்கியதில் வியப்பில்லை.

ஆனால் எந்த விளையாட்டில்? தீவின் உயிர்மூச்சு ஆஸ்திரேலியக் கால்பந்து. லிங்க்பெல்ட் ஓவல் மைதானத்தில் புல் கிடையாது. பாஸ்பேட் சுரங்கத்தின் புழுதி மண்ணில்தான் ஆட்டம். விழுந்தால் முழங்கால் தோல் உரியும், ஆனாலும் கூட்டம் குறையாது. அந்த ஆட்டத்துக்கோ ஒலிம்பிக்கிலும் இடமில்லை, காமன்வெல்த்திலும் இடமில்லை.

கைகொடுத்தது பளுதூக்குதல். ஒரு கம்பி, தட்டுகள், பலகை மேடை, வெயிலுக்கு ஒரு கூரை இருந்தால் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். அதைவிட முக்கியம், எடைப் பிரிவு. 60 கிலோ பிரிவில் 60 கிலோ ஆளோடுதான் மோத வேண்டும். அவருக்குப் பின்னால் பத்தாயிரம் பேர் இருக்கிறார்களா, பத்துக் கோடிப் பேரா என்று கம்பி கேட்பதில்லை.

ஆஸ்திரேலியாவில் படிக்கப் போன மார்கஸ் ஸ்டீபன் என்ற இளைஞர் அங்கேதான் கம்பியைப் பிடித்தார். பயிற்சியாளர் பால் கோஃபாவின் கண்ணில் பட்டது அவருடைய திருப்புமுனை. 1990-ல் ஆக்லாந்து காமன்வெல்த் போட்டிக்கு நவுரு முதன்முதலாக அணி அனுப்பியது. அணி என்றால் மார்கஸ் ஒருவர் மட்டும். அன்றைய விதிப்படி ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்சுக்கு ஒரு பதக்கம், தோளில் ஏற்றி நிறுத்திப் பிறகு உயர்த்தும் கிளீன் அண்ட் ஜெர்க்குக்கு ஒன்று, இரண்டின் கூட்டுக்கு ஒன்று. ஒரு தங்கம், இரண்டு வெள்ளியோடு ஊர் திரும்பினார் மார்கஸ்.

அடுத்து ஒலிம்பிக். அங்கேதான் முட்டுக்கட்டை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் அங்கீகாரம் நவுருவுக்கு அப்போது இல்லை. திறமை இருந்தும் சொந்தக் கொடி இல்லாத நிலை. மார்கஸ் சமோவா குடியுரிமை பெற்று, 1992-ல் பார்சிலோனாவில் அந்த நாட்டுக்காகத் தூக்கினார். ஒன்பதாம் இடம். வேறொரு கொடியின் கீழ் தூக்குவது எவ்வளவு பெரிய வலி என்பதைப் பதக்கப் பட்டியல்கள் சொல்வதில்லை.

1994-ல் அங்கீகாரம் வந்தது. 1996 அட்லாண்டா தொடக்க விழாவில் நவுரு தன் பெயரோடு நடந்தது. மூன்று வீரர்கள், மூவருமே பளுதூக்குபவர்கள்.

காமன்வெல்த்தில் மார்கஸை அசைக்க முடியவில்லை. 1994-ல் விக்டோரியாவில் மூன்று தங்கம், 1998-ல் கோலாலம்பூரில் மூன்று தங்கம், 2002-ல் மான்செஸ்டரில் மூன்று வெள்ளி. ஆக 12 பதக்கங்கள். அதே மான்செஸ்டரில் நவுரு வீராங்கனை ரியானா சாலமன் தங்கம் வென்று, பளுதூக்குதல் ஆண்களின் சொத்து அல்ல என்று காட்டினார். மார்கஸ் பின்னர் அரசியலுக்கு வந்து, 2007 டிசம்பரில் நாட்டின் அதிபரானார்.

அவர் பதவி ஏற்றபோது கஜானா காலி. பாஸ்பேட் தீர்ந்து, கடன் கழுத்தை நெரித்து, 2005-ல் நாட்டின் ஒரே போயிங் விமானமும் கடன்காரர்கள் கைக்குப் போயிருந்தது. 2008 பெய்ஜிங்குக்கு நவுரு அனுப்பியது ஒரே ஒருவரை: பளுதூக்கும் வீரர் இட்டே டெடெனாமோ. அந்த வறுமைக் காலத்திலும் விளையாட்டு நின்றுவிடவில்லை என்பதைத்தான் பதக்கங்களைவிட உயர்வாகச் சொல்ல வேண்டும். 2010 டெல்லி காமன்வெல்த்தில் இட்டே வெள்ளி வாங்கினார்; 77 கிலோ பிரிவில் யூகியோ பீட்டர் தங்கம் வென்றார். நான்கு ஆண்டு கழித்து கிளாஸ்கோவில் அதே 77 கிலோ தங்கத்தை வென்றவர் நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம்.

கொடிப் பிரச்சினை வேறு உருவத்தில் மறுபடி வந்தது. 2018-ல் கோல்ட் கோஸ்டில் நவுருவுக்கு வெள்ளி வென்ற கரிஸ்மா அமோ-டாரன்ட், பிறகு ஆஸ்திரேலியாவுக்காகத் தூக்கத் தொடங்கினார். 2022 பர்மிங்ஹாமில் அவருக்கு வெண்கலம், ஆஸ்திரேலியக் கணக்கில். அதே போட்டியில் 76 கிலோ பிரிவில் மாக்சிமினா உஏபா வென்ற வெண்கலம் நவுருவின் கணக்கில் ஏறியது. கரிஸ்மாவைக் குறை சொல்ல நியாயமில்லை. பெரிய நாட்டின் பயிற்சிக்கூடமும் மருத்துவரும் போட்டி வாய்ப்பும் ஒரு வீராங்கனைக்குச் சின்ன விஷயங்கள் அல்ல. இழப்பு என்னவோ தீவுக்குத்தான்.

ஒலிம்பிக்கில் நவுருவுக்கு இன்னும் ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. 2024 பாரிஸுக்குப் போன ஒரே வீரர் வின்சார் ககியூஏயா ஓட்டக்காரர். 100 மீட்டர் ஓடினார். 1996-ல் தொடங்கிய வரிசையில் ஒரு கோடைக்கால ஒலிம்பிக்கைக்கூட நவுரு தவறவிட்டதில்லை.