மதிலா, குளமா?



இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்ததே நம் செஞ்சிக் கோட்டை. 1597-இல் இங்கு வந்த இயேசு சபைத் தந்தை பிமெண்டா, கிருஷ்ணப்ப நாயக்கரைச் சந்தித்து, இந்நகரின் சிறப்பை எழுதிவைத்தார். 1677-இல் சிவாஜியும், 1698-இல் முகலாயரும் கோட்டையைக் கைப்பற்றினர். 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் அதைப் பிடித்தது. புதுச்சேரி வீழ்ந்த 1761-இல் அதுவும் ஆங்கிலேயர் வசமானது.

இத்தனை உயர்ந்த மதில் எவரையும் நிலையாகக் காக்கவில்லை. ஆனால் பெயர் தெரியாத கூலியாட்கள் வெட்டிய சக்கரக்குளமும் செட்டிக்குளமும் இன்றும் மழைநீரை ஏந்தி நிற்கின்றன.

அண்டை வீட்டாரோடு பேச்சற்றிருக்கும் நாம், இந்த வாரம் எண்ணிப் பார்ப்போம்: நாம் எழுப்புவது மதிலா, குளமா? முதல் வார்த்தையை நாமே பேசுவோம். ஆமென்.