காரணம் எழுதும் கடமை: துப்பாக்கிக் குற்றங்களும் குறைந்தபட்சத் தண்டனையும்

2019 டிசம்பரில் நாடாளுமன்றம் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 1 ஆண்டு என்றிருந்த சிறைத்தண்டனை 2 ஆண்டாயிற்று. தடைசெய்யப்பட்ட ரகத் துப்பாக்கிக்கு 5 ஆண்டு என்பது 7 ஆண்டாயிற்று. கள்ளத்தனமாகத் துப்பாக்கி செய்வோருக்கும் விற்போருக்கும் கீழ்வரம்பு 3 ஆண்டிலிருந்து 7 ஆண்டாகவும், மேல்வரம்பு ஆயுள் சிறையாகவும் உயர்ந்தன. கீழ்வரம்பை உயர்த்தினால் துப்பாக்கிகள் குறையும் என்பதே இத்திருத்தத்தின் அடிப்படை நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கொச்சியின் நிலைமையில் வைத்துச் சோதிக்கிறது இக்கட்டுரை. துப்பாக்கியைக் குற்றத்துக்குப் பயன்படுத்தியவருக்குக் கீழ்வரம்பு விதிப்பதில் நியாயம் உண்டு; வெறுமனே வைத்திருந்தவருக்கு விலக்கே இல்லாத கீழ்வரம்பு விதிப்பதில் இல்லை. எந்தக் கீழ்வரம்பானாலும், காரணத்தை எழுதிவைத்து அதற்குக் கீழே செல்லும் அதிகாரம் நீதிபதிக்கு இருந்தாக வேண்டும்.

கேரளத்தில் கொட்டேஷன் கும்பல் எனப்படும் கூலிப்படைகளின் வழக்கமான ஆயுதம் வாளும் கத்தியும்தான். அக்கும்பல்களை ஒடுக்க 2007இல் வந்த காப்பா எனப்படும் சமூகவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமும் தடுப்புக்காவலையும் ஊர்விலக்கத்தையுமே நம்புகிறது. துப்பாக்கி இங்கு அரிது. வரும்போது வெளியிலிருந்து வருகிறது. 2021 ஜூலை இறுதியில் கொச்சி அமைந்த எர்ணாகுளம் மாவட்டத்தின் கோதமங்கலத்தில் பல் மருத்துவ மாணவி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரும் அங்கேயே தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். துப்பாக்கியின் தடத்தைத் தேடிச் சென்ற கேரளக் காவல்துறை பீகாரின் முங்கேர் பகுதியில் ஆட்களைக் கைது செய்தது. 18ஆம் நூற்றாண்டில் நவாப் மீர் காசிமின் ஆயுதப் பட்டறை இயங்கிய ஊர் அது. கைத்தொழில் மரபு அங்கே கள்ளத் துப்பாக்கித் தொழிலாகவும் நீடிக்கிறது. விற்பவருக்குக் குறைந்தது 7 ஆண்டு என்ற விதி நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டு கழிந்த பின்பே இந்தக் கொலை நடந்தது. ஒரு வழக்கைக் கொண்டு ஒரு சட்டம் தோற்றதென்று முடிவுகட்ட முடியாது. ஆனால் இரண்டு கேள்விகளை இவ்வழக்கு தவிர்க்க முடியாதவை ஆக்குகிறது: சாகத் துணிந்தவனைச் சிறைக்காலம் எப்படித் தடுக்கும்? பிடிபட மாட்டோம் என்று நம்பும் விற்பனையாளனுக்கு 3 ஆண்டும் 7 ஆண்டும் வேறுவேறாகத் தெரியுமா?

தண்டனையின் கடுமையைவிட அதன் உறுதிப்பாடே குற்றத்தைத் தடுக்கிறது என்று 1764இல் பெக்காரியா எழுதினார். அண்மைக்கால ஆய்வாளர்களில் டேனியல் நாகின் போன்றோரின் முடிவும் அதுவே: பிடிபடும் வாய்ப்பு அச்சம் தரும் அளவுக்குக் கூடுதல் சிறையாண்டுகள் தருவதில்லை. நம் நாட்டில் அந்த உறுதிப்பாடு நழுவும் இடங்கள் அறிந்தவையே. உரிமமில்லாத் துப்பாக்கி வழக்கைத் தொடர, ஆயுதச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். கைப்பற்றியது சுடக்கூடிய துப்பாக்கிதான் என்பதைத் தடய அறிவியல் ஆய்வு மெய்ப்பிக்க வேண்டும். கைப்பற்றியபோது எழுதிய மகஜரின் சாட்சிகள் நீதிமன்றத்தில் பிறழாதிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வழக்கு தளர்கிறது. கீழ்வரம்பை எவ்வளவு உயர்த்தினாலும் இந்த ஓட்டைகளில் ஒன்றுகூட அடைபடுவதில்லை.

இதற்கு எதிரான வலுவான சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. குற்றம் செய்யும்போது துப்பாக்கி வைத்திருந்தால் கூடுதலாகக் கட்டாயம் 2 ஆண்டு என்ற மிச்சிகன் மாநிலச் சட்டம் 1977இல் நடைமுறைக்கு வந்தது. டெட்ராயிட் நகரில் அதை ஆராய்ந்த லாஃப்டின், ஹ்யூமன், மெக்டோவல் ஆகியோர் வன்முறை அச்சட்டத்தால் குறைந்ததாகக் காணவில்லை. மூலக் குற்றத்துக்கான தண்டனையைக் குறைத்துப் பல நீதிபதிகள் மொத்தத்தைப் பழைய அளவிலேயே வைத்தனர். ஆனால் லாஃப்டினும் மெக்டோவலும் மற்றொருவரும் 1992இல் இத்தகைய சட்டமுள்ள ஆறு நகரங்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, துப்பாக்கிக் கொலைகள் குறைந்திருந்தன. இந்த முடிவை ஒதுக்கிவிட்டு வாதிடுவது நேர்மையாகாது. எனினும் அச்சட்டங்கள் குறிவைத்தது குற்றத்தோடு சேர்ந்த துப்பாக்கியை. எனவே இந்தச் சான்று நம் சட்டத்தில் பயன்பாட்டைத் தண்டிக்கும் 27ஆம் பிரிவுக்குத்தான் துணைநிற்கிறது. உடைமையைத் தண்டிக்கும் 25ஆம் பிரிவுக்கு அதை நீட்டிக்க முடியாது.

உடைமைக் குற்றத்தில் வகைவகையான மனிதர்கள் சிக்குகிறார்கள். கூலிப்படைக்காகப் பிஸ்டலை ஒளித்துவைத்தவரும், இடுக்கி மலையில் காட்டுப்பன்றியிடமிருந்து மரவள்ளியைக் காக்க நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த குடியானவரும் ஒரே உட்பிரிவில் குற்றவாளிகள் ஆகலாம். அந்தக் குடியானவரின் இடர் மெய்யானது என்பதைக் கேரள அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. பன்றிகளை உரிமம் பெற்றவர்களைக் கொண்டு சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அது வழங்கியது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2015இல் நூர் வழக்கில், துப்பாக்கி உடைமைக்கான 3 ஆண்டுக் கட்டாயத் தண்டனையைச் செல்லாததாக்கியது. உரிமம் பெற்றவர் துப்பாக்கியைத் தவறான இடத்தில் வைத்திருந்தாலும் அதே தண்டனைக்கு ஆளாவார் என்பது அதன் முக்கியமான காரணம்.

விலக்கில்லாத கீழ்வரம்பு தீர்ப்பளிக்கும் அதிகாரத்தை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. எந்த உட்பிரிவில் குற்றப்பத்திரிகை என்பதே தண்டனையைத் தீர்மானிக்கும்போது, அதிகாரம் நீதிமன்றத்திலிருந்து காவல்நிலையத்துக்குப் போய்விடுகிறது. போதைப்பொருள் வழக்குகளில் இது கண்கூடு: எம்.டி.எம்.ஏ. 10 கிராமைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு. தராசும் மகஜரும் தீர்ப்பின் பெரும்பகுதியை எழுதிவிடுகின்றன. நீதிபதியின் முடிவுக்குக் காரணம் எழுதப்பட்டிருக்கும், மேல்முறையீடும் உண்டு. காவல் அதிகாரியின் தேர்வுக்கு இரண்டும் இல்லை. கொச்சித் துறைமுகத்தில் யாருக்கு வேலை என்பதைக் கங்காணியின் விருப்பத்துக்கு விட்ட சாப்பா முறையை எதிர்த்த தொழிலாளர்கள் மீது 1953 செப்டம்பர் 15 அன்று காவல்துறை சுட்ட ஊர் மட்டாஞ்சேரி. காரணம் சொல்லத் தேவையில்லாத அதிகாரத்தின் விலையை அறிந்த ஊர் அது.

நீதிபதிகளிடம் விட்டால் ஒரே குற்றத்துக்கு ஆளுக்கொரு தண்டனை கிடைக்கும், செல்வாக்குள்ளவர் தப்புவார் என்பது நியாயமான அச்சம். 2013இல் ஆயுதச் சட்டத்தின்கீழ் நடிகர் சஞ்சய் தத் பெற்ற தண்டனையை உச்ச நீதிமன்றம் 6 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகக் குறைத்து, அன்றைய கீழ்வரம்பில் நிறுத்தியதை இதற்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து வேறிடத்தில் இருக்கிறது. தண்டனை போதாதென்று அரசு மேல்முறையீடு செய்ய நடைமுறைச் சட்டம் வழிவிடுகிறது. தண்டனை வழங்கும் நெறிமுறைகளையும் உயர் நீதிமன்றங்கள் வகுக்கலாம். மேலும், தேர்வுக்கு இடமே தராத தண்டனையை நம் அரசியலமைப்பு ஐயத்தோடுதான் பார்த்துவந்திருக்கிறது. கட்டாய மரண தண்டனை 1983இல் மிட்டு வழக்கில் வீழ்ந்தது. ஆயுதச் சட்டத்தின் 27(3)இல் இருந்த கட்டாய மரண தண்டனையும் 2012இல் தல்பீர் சிங் வழக்கில் அவ்வாறே வீழ்ந்தது. சிறைக்காலத்தின் கீழ்வரம்பு மரண தண்டனைக்குச் சமமல்ல. ஆனால் குற்றவாளியின் சூழ்நிலையைப் பார்க்க நீதிபதியை அனுமதிக்காத சட்டம் நியாயமானதல்ல என்ற தர்க்கம் இரண்டுக்கும் பொது.

தீர்வின் வித்து சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. உரிமமில்லா உடைமைக்கான 25(1B) பிரிவு, போதிய சிறப்புக் காரணங்களைத் தீர்ப்பில் பதிந்து கீழ்வரம்புக்குக் குறைவாகத் தண்டிக்க அனுமதிக்கிறது. இந்த விலக்கைச் சுருக்க முனையாமல் 27ஆம் பிரிவுக்கும் விரிக்க வேண்டும். அங்கே கீழ்வரம்பு பொதுவிதியாக நிற்கட்டும், விலகுவோர் காரணம் எழுதட்டும். அதோடு முன் அனுமதிக்கும் தடய ஆய்வுக்கும் காலக்கெடு வேண்டும். முங்கேர் போன்ற ஊர்களிலிருந்து வரும் தடங்களை மாநிலங்கள் சேர்ந்து பின்தொடர நிலையான ஏற்பாடு வேண்டும். கொச்சியின் பாதுகாப்பு இந்தப் பணிகளைச் சார்ந்தது. இவற்றைச் செய்யாமல் சிறையாண்டுகளை மட்டும் கூட்டும் அரசு, கடமையைச் செய்ததாகக் காட்டிக்கொள்கிறதே தவிரச் செய்யவில்லை.