ஆர்முடுகலும் நீடித்த வேகமும்: ஜேர்மன் அதிவேகச் சாலைகளில் அமெரிக்கக் கார்கள் குறித்துப் பாலையூற்றிலிருந்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

திருகோணமலைப் பாலையூற்று வழியாகப் போகும் கண்டி வீதியை அரச ஆவணங்கள் ஏ6 என்று குறிக்கின்றன. திருகோணமலைக்கும் அம்பேபுஸ்ஸவுக்கும் இடையே கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் ஊடாக ஏறத்தாழ 200 கிலோமீற்றர். ஜேர்மனியிலும் ஓர் ஏ6 உண்டு. பிரெஞ்சு எல்லையருகே சார்புறூக்கன் பக்கம் தொடங்கி, கைசர்ஸ்லௌட்டன், மன்ஹைம், ஹைல்புறோன், நூர்ன்பேர்க் ஊடாகச் செக் எல்லை வரை போகிறது அது. நம்முடைய ஏ6இல் ஊர்மனைகளைத் தாண்டிய பிறகும் கார் 70 கிலோமீற்றர் வேகத்தை மீறக்கூடாது. அவர்களுடைய ஏ6இல் பலகை நடப்படாத இடங்களில் எல்லை என்ற ஒன்றே கிடையாது.

அந்தப் பாதையின் ஓரத்தில்தான் ராம்ஸ்டைன் அமெரிக்க விமானத்தளம் இருக்கிறது. 1950களிலிருந்து கைசர்ஸ்லௌட்டன் சுற்றுவட்டாரத்தில் குடியேறிய அமெரிக்கப் படையினர் தம் சொந்தக் கார்களையும் கப்பலில் கொண்டுவந்தனர். டெட்ராய்ட்டின் வி8 எஞ்சின்கள் எல்லையற்ற சாலையைப் பெருந்தொகையாகச் சந்தித்தது அங்கேதான். அந்தச் சந்திப்பில் கார் எங்கே வென்றது, எங்கே திணறியது, ஏன் என்பதே இக்கட்டுரையின் விசாரணை. பெற்றோல் வி8 கார்களோடு நிறுத்திக்கொள்கிறேன். மின்சாரக் கார்களின் கணக்கு வேறு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். நம் பாடசாலைப் பௌதிகம் ஆர்முடுகலையும் வேகத்தையும் இரண்டு கணியங்களாகப் பிரித்துத்தான் கற்பிக்கிறது. கார் பற்றிப் பேசும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். அமெரிக்கக் கார் முதலாவதற்காகச் செய்யப்பட்டது. ஜேர்மன் சாலை இரண்டாவதைக் கேட்கிறது, அதையும் மணிக்கணக்கில் கேட்கிறது. இடைவெளிக்குக் காரணம் பொறியியலாளரின் திறமைக் குறைவு என்று சொல்வோருண்டு. நான் அதைச் சட்டத்தின் விளைவாகவே பார்க்கிறேன்.

2. துறைமுகத்தில் ஒரு முன்னுதாரணம்

ஓரிடத்துக்கென்று செய்த பொறி இன்னோரிடத்தில் இயங்க வேண்டிவரும் சிக்கலைத் திருகோணமலை 1944இலேயே பார்த்திருக்கிறது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் இங்கு வந்து நின்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் இல்லஸ்ட்ரியஸ், அமெரிக்கத் தயாரிப்பான கோர்சேயர் போர் விமானங்களைச் சுமந்திருந்தது. எஞ்சின் வலு 2,000 குதிரைவலு. ஆனால் மடித்து நிறுத்திய சிறகுக்குப் பிரித்தானியக் கப்பலின் கூரை தாழ்ந்த விமானக் கொட்டகைக்குள் நிமிர்ந்து நிற்க இடமில்லை. ஒவ்வொரு சிறகு நுனியிலும் 8 அங்குலம் வெட்டி எடுத்தார்கள். இடத்துக்காக வெட்டிய வெட்டு பறப்பையும் மாற்றியது: தளத்தில் இறங்கும்போது மிதந்துகொண்டே போகும் சுபாவம் குறைந்தது. மார்ச் 31இல் அமெரிக்கக் கப்பல் சரட்டோகாவும் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தது. ஏப்ரல் 19இல் இரு கப்பல்களின் விமானங்களும் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கின.

எஞ்சினில் யாரும் கைவைக்கவில்லை. அது புகவேண்டிய இடம் அதன் உடலைத் திருத்திற்று. கார்களின் கதையும் ஏறத்தாழ இப்படித்தான் போகிறது. ஆனால் திருத்தம் வர அரை நூற்றாண்டு பிடித்தது.

3. ஒரே நெருக்கடி, இரண்டு சட்டங்கள்

ஓட்டோபான் எனப்படும் ஜேர்மன் அதிவேகச் சாலை ஹிட்லரின் கண்டுபிடிப்பு என்ற கதை அன்றைய பிரசாரத்தின் மிச்சம். கேள்னுக்கும் பொன்னுக்கும் இடையிலான பாதையை 1932 ஆகஸ்ட் 6இல் திறந்துவைத்தவர் அப்போதைய கேள்ன் மேயர் கொன்ராட் அடினாவர், பிற்காலத்தில் மேற்கு ஜேர்மனியின் முதல் சான்சலர் ஆனவர். இன்று அந்த வலையமைப்பு ஏறத்தாழ 13,000 கிலோமீற்றர். அதில் சுமார் 70 வீதத்துக்கு நிலையான வேக எல்லை இல்லை. 130 என்பது பரிந்துரை மட்டும்.

நம் ஆய்வுக்கு முக்கியமான ஆண்டு 1973. அரபு நாடுகள் எண்ணெயை மட்டுப்படுத்தியபோது மேற்கு ஜேர்மனி நவம்பரில் ஓட்டோபானுக்கு 100 கிலோமீற்றர் எல்லை விதித்தது. 1974 மார்ச்சிலேயே அது நீக்கப்பட்டது. நான்கு மாதம்கூட நிற்கவில்லை. அதே நெருக்கடியில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் 1974 ஜனவரி 2இல் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 89 கிலோமீற்றர், என்ற தேசிய எல்லைக்குக் கையொப்பமிட்டார். அந்தச் சட்டம் 1995 வரை உயிரோடு இருந்தது, இடையில் கிராமப்புற நெடுஞ்சாலைகளுக்கு 65 மைல் என்ற தளர்வோடு.

கார் வடிவமைப்பில் இந்த வேறுபாடு எப்படிப் பதிந்தது என்பதை ஒரு முள்ளே காட்டும். 1979இல் அமெரிக்க அரசு, வேகமானி 85 மைலுக்கு மேல் காட்டக்கூடாது என்று விதித்தது. 1980ஆம் ஆண்டுக் கோர்வெட், அந்நாட்டின் பேர்பெற்ற விளையாட்டுக் கார், 137 கிலோமீற்றரோடு முடியும் தட்டுடன் விற்பனைக்கு வந்தது. ஓட்டோபானின் இடது ஒழுங்கையில் அந்த வேகத்தில் போகிறவருக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் அடிப்பார்கள். விதி சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. ஆனாலும் வாங்குவோரின் மனக்கணக்கை அது சரியாகவே சொன்னது. நீண்ட நேரம் வேகமாக ஓட இடமில்லாதவர் எதற்காகக் காசு கொடுப்பார்? விளக்குக் கம்பத்தில் பச்சை விழுந்ததும் பாய்வதற்கு. அதனால்தான் அமெரிக்காவில் ஒரு காரின் மானம் கால் மைல், அதாவது 402 மீற்றர், தூரத்தில் அளக்கப்பட்டது.

இந்த நோக்கத்தின் தூய வடிவம் 2018இன் டொட்ஜ் சலஞ்சர் டீமன். 840 குதிரைவலு, புறப்படும்போது முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும். ஆயினும் கால் மைல் ஓட்டத்துக்கென்று பூட்டிய மென்மையான ரயர்களைக் காக்க அதன் உச்சவேகம் 270 கிலோமீற்றரில் கட்டப்பட்டது. அதே குடும்பத்தில் 707 குதிரைவலு மட்டுமே கொண்ட ஹெல்கற் 320ஐத் தொடக்கூடியது. வலு கூடியபோது உச்சவேகம் குறைந்தது என்பதை இக்கட்டுரையின் நிரூபணங்களில் முதலாவதாக வைக்கிறேன்.

4. பொறியியல்

4.1 காற்று

வளித்தடையை வெல்லத் தேவையான வலு வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். சற்றே சதுரவாட்டமான ஒரு பெரிய காரை எடுத்துக்கொள்வோம். தடைக்குணகத்தையும் முன்பரப்பையும் பெருக்கினால் 0.8 சதுர மீற்றர் வருகிறது என்று கொள்வோம். 100 கிலோமீற்றர் வேகத்தில் காற்றை விலக்க மட்டும் 14 குதிரைவலு போதும். 250இல் 219 வேண்டும். 300இல் 378. அமெரிக்க நெடுஞ்சாலையில் எஞ்சின் தன் வலுவில் சிறு பங்கைக் கொடுத்துவிட்டு ஓய்வாக ஓடுகிறது. ஓட்டோபானில் பெரும்பங்கை இடைவிடாது கொடுக்க வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு குதிரைவலுவுக்கும் ஏறத்தாழ அதே அளவு வெப்பம் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் போகிறது. 402 மீற்றர் ஓடி நின்றுவிடும் காருக்குப் பெரிய றேடியேற்றர் எதற்கு, எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி எதற்கு?

கியரும் அப்படித்தான். 1960களில் பாய்ச்சலுக்கென்று வாங்கிய கார்களில் பின் அச்சு விகிதம் 4.10 வரை இருந்தது. நேர்விகித மேல் கியரில் 160 கிலோமீற்றர் ஓடினால் எஞ்சின் நிமிடத்துக்கு 5,200 தடவை சுழலும். பெரிய வி8 அதைச் சில செக்கன் தாங்கும். மன்ஹைமிலிருந்து நூர்ன்பேர்க் வரை தாங்குமா என்பது வேறு கேள்வி.

4.2 பிறேக்

எனக்குப் பெரிய விடயமாகப் படுவது இதுதான், எஞ்சினைவிடவும். ஓட்டோபானில் ஆபத்து வளைவில் வருவதில்லை; வேக வித்தியாசத்தில் வருகிறது. 80இல் போகும் ஒரு லொறியை இன்னொரு லொறி முந்த, அதைத் தாண்ட 120இல் வரும் சிறு கார் இடது ஒழுங்கைக்கு மாறும். 250இல் வருபவர் அந்த நேரத்தில் 120க்கு இறங்க வேண்டும். 1,800 கிலோ எடையுள்ள காரில் இது 3.3 மெகாயூல் இயக்கசக்தியை நான்கு செக்கனுக்குள் இரும்புத் தட்டுகளில் வெப்பமாக்கும் வேலை. கன்னியா வெந்நீரூற்றில் 40 பாகை சூட்டில் அள்ளிய 13 லீற்றர் வெந்நீரைக் கொதிக்கவைக்க அது போதும். பத்து நிமிடத்தில் இன்னொரு லொறி வரும். தட்டு அதற்குள் ஆறியிருக்க வேண்டும்.

1964இல் வந்த ஃபோர்ட் மஸ்டாங்கில் நான்கு சக்கரத்துக்கும் ட்ரம் பிறேக்கே வழக்கம். முன்சக்கர டிஸ்க் பிறேக் பின்னர்தான் வந்தது, அதுவும் மேலதிகக் காசுக்கு. ட்ரம் தன் சூட்டைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும். மூன்றாவது மிதியில் பெடல் இறங்கும், கார் நிற்காது.

4.3 ரயர்

ரயரின் பக்கச்சுவரில் இருக்கும் எழுத்து அதன் வேகத் தகுதி: எஸ் என்றால் 180, எச் 210, வி 240, டபிள்யூ 270, வை 300. ஜேர்மனியில் காரின் உச்சவேகத்துக்கு ஈடான ரயர் சட்டப்படி கட்டாயம். பனிக்கால ரயருக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் அதன் எல்லையைச் சாரதியின் கண்முன் ஒட்டியிருக்க வேண்டும். இங்கே நாம் பழைய ரயருக்கு மேல்தோல் ஒட்டி ஓடுவதை 70 கிலோமீற்றர் மன்னிக்கிறது.

5. பாதை இல்லாமல் கடல் கடந்த எஞ்சின்

அமெரிக்க எஞ்சினை ஐரோப்பிய உடலில் வைத்தவர்களும் இருந்தார்கள். மலிவான, உடையாத, பெரிய வலு: ஐரோப்பியச் சிறு நிறுவனங்களுக்கு அது வரப்பிரசாதம். பிரான்சின் ஃபசெல் வேகா கிறைஸ்லரின் வி8ஐப் பூட்டியது. 1960 ஜனவரி 4இல் அந்தக் கார்களில் ஒன்று மரத்தில் மோதியபோது இறந்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் அல்பெர் காம்யு. பதிப்பாளர் மிஷல் கலிமார் ஓட்டினார். விபத்து நடந்தது அதிவேகச் சாலையில் அல்ல; இருமருங்கும் மரம் நட்ட பழைய தேசிய நெடுஞ்சாலையில். எஞ்சின் வந்துவிட்டது, அதற்குரிய பாதை வரவில்லை. காம்யுவின் தத்துவத்தோடு இந்த மரணத்தை முடிச்சுப்போடுவோர் அந்தச் சாலையையும் கொஞ்சம் பார்க்கலாம்.

ஜெனரல் மோட்டர்ஸின் ஜேர்மன் கிளையான ஓப்பல், டிப்ளொமற் காரில் 5.4 லீற்றர் செவ்ரோலே வி8ஐ வைத்தது. இது புத்திசாலித்தனமான இணைப்பு என்பேன்: அமெரிக்க எஞ்சின், ஓட்டோபான் அறிந்தவர்கள் செய்த உடல். மஸ்டாங்குக்கோ பெயரே தடையானது. க்ருப் நிறுவனம் அப்பெயரைத் தன் லொறிக்கு உரிமையாக்கி வைத்திருந்ததால் 1970களின் இறுதி வரை மேற்கு ஜேர்மனியில் அது டி-5 என்றே விற்கப்பட்டது.

6. எதிர்ச்சான்று

அமெரிக்கர்களுக்கு நீடித்த வேகம் தெரியாது என்ற முடிவுக்கு இதையெல்லாம் வைத்து வருவது பிழை. கோர்வெட்டைச் செம்மைப்படுத்திய ஸோரா ஆர்கஸ்-டன்ரோவ் பிரசல்ஸில் பிறந்து பேர்லினில் பொறியியல் படித்தவர். லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் 1954, 1955 இரண்டு ஆண்டும் போர்ஷே ஓட்டித் தன் பிரிவில் வென்றவர். நீடித்த வேகம் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

1990 மார்ச்சில் ரெக்சாஸின் ஃபோர்ட் ஸ்டொக்டன் சோதனைத் தடத்தில் கோர்வெட் இசட்ஆர்-1 கார் 24 மணிநேரம் சராசரி 283 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியது. எண்ணெய், சாரதி, ரயர் மாற்ற நின்ற நேரமும் அதற்குள் அடக்கம். அதன் எஞ்சினை வடிவமைத்தது இங்கிலாந்தின் லோட்டஸ். செய்தது ஒக்லஹோமாவில் படகு எஞ்சின் செய்யும் மெர்க்குரி மரைன். படகு எஞ்சின் மணிக்கணக்கில் முழுவலுவில் ஓடிப் பழகியது என்பதால் அந்தத் தெரிவு எனக்குப் பிடித்திருக்கிறது. 55 மைல் சட்டம் அப்போதும் முழுதாக நீங்கவில்லை. பாதையைக் கொடுத்தபோது கார் ஓடிக் காட்டியது.

2015இல் ஐரோப்பாவுக்கென்று அதிகாரபூர்வமாக வந்த மஸ்டாங்குக்குத் தனி ரயரும் பெரிய பிறேக்கும் இருந்தன. வேகம் 250இல் கட்டப்பட்டிருந்தது. தொழிற்சாலையிலிருந்தே வலப்பக்க ஸ்டியரிங்கோடு வந்த முதல் மஸ்டாங்கும் அதுவே. கோர்வெட் அதற்குப் பின்னர், எட்டாம் தலைமுறையில்தான், வலப்பக்கத்துக்கு வந்தது. அந்த வகையில் இவை இலங்கைப் பாதைக்கும் பொருந்தும் கார்கள். ஆனால் எஞ்சின் கொள்ளளவை வைத்து வரி அறவிடும் நாட்டில் 5 லீற்றர் கார் யாருக்கு? மனுவல் மஸ்டாங் முதல் கியரின் முடிவிலேயே ஏறத்தாழ 70ஐத் தொட்டுவிடும். கண்டி வீதியில் மிச்சம் ஐந்து கியரும் சும்மா இருக்க வேண்டியதுதான்.

7. ஓட்டுபவர்

புலம்பெயர்ந்த தமிழருக்கு எல்லையற்ற சாலை நெடுங்காலம் எட்டாப் பொருளாகவே இருந்தது. 1982இன் ஜேர்மன் தஞ்சச் சட்டம், விண்ணப்பதாரர் தமக்கு ஒதுக்கப்பட்ட நிர்வாகப் பிரதேசத்தை அனுமதியின்றித் தாண்டக்கூடாது என்று விதித்தது. 1983க்குப் பிறகு வந்து சேர்ந்தவர்களுக்கு இதுதான் முதல் அனுபவம்: வேகத்துக்கு எல்லை வைக்காத நாட்டில் தூரத்துக்கு எல்லை. அடுத்த ஊரில் இருக்கும் தமையனைப் பார்க்கவும் கடிதம் வேண்டும்.

பிறகு சாரதி அனுமதிப்பத்திரம். இலங்கைப் பத்திரத்தோடு குடியிருப்போர் ஆறு மாதத்துக்குப் பின் எழுத்துப் பரீட்சையிலும் ஓட்டப் பரீட்சையிலும் தேறியே ஆக வேண்டும். எழுத்துப் பரீட்சைக்கு அனுமதிக்கப்பட்ட மொழிகளில் தமிழ் இல்லை. புதிதாகப் பழகுவோர் தலா 45 நிமிடமாக நான்கு பாடம் ஓட்டோபானிலேயே ஓட்ட வேண்டும். அங்கே கற்பிக்கப்படுவது வேகத்தைவிட ஒழுங்கு: வலப்பக்கத்தால் முந்தாதே, வேகமானி காட்டும் எண்ணில் பாதியை மீற்றராக முன்காருக்கு விடு, பெற்றோல் தீர்ந்து நடுவழியில் நிற்காதே, அதற்கும் தண்டம் உண்டு. ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஏ2இல் வருகிற ஆயிரக்கணக்கானோர் இந்த ஒழுங்கிலேயே வருகிறார்கள், பெரும்பாலும் குடும்பக் கார்களில். அங்கே பிறந்த பிள்ளைகளில் சிலர் வார இறுதிக்கு மஸ்டாங்கை வாடகைக்கு எடுப்பதும் உண்டு.

சுவிற்சர்லாந்து உறவினருக்கு அந்த விளையாட்டு முற்றாக மூடப்பட்டிருக்கிறது: 2013 முதல் அங்கே 120 எல்லையுள்ள பாதையில் 200ஐத் தொடுவது குற்றவியல் வழக்கு. பிரான்சில் 130, மழையில் 110. ஜேர்மனியில் 250 ஓடினாலும் பொலிஸ் மறிக்காது. ஆனால் அந்நாட்டின் உச்சநீதிமன்றம் 1992 மார்ச்சில் கொடுத்த தீர்ப்பின்படி, 130ஐத் தாண்டி ஓடியவர் விபத்தில் சிக்கினால், தப்பு மற்றவருடையதாக இருந்தாலும், 130இல் ஓடியிருந்தாலும் இதே சேதம் வந்திருக்கும் என்பதை அவரே நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் நட்டஈட்டில் ஒரு பங்கு அவர் கணக்கில் விழும்.